தசமபாகம்: கிராஸா நெட்டா என்று கேட்பதற்கு முன்

வாலிபர் கூடுகையோ, திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்போ, பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்குக் கொடுக்கும் தசமபாகம், பிடித்தம் போகுமுன் உள்ள கிராஸ் சம்பளத்திலா, கைக்கு வருகிற நெட்டிலா? பிரசங்க மேடையிலிருந்து அதற்கு ஒரு தயார்ப் பதிலும் உண்டு. "உங்களுக்குக் கிராஸ் ஆசீர்வாதம் வேண்டுமா, நெட் ஆசீர்வாதம் வேண்டுமா?" எல்லோரும் சிரிப்பார்கள், கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். அது சாமர்த்தியமான பேச்சுதான், ஆனால் பதில் அல்ல. கேள்வியும் எனக்குத் திருப்தி தருவதில்லை. எவ்வளவு என்பதோடு அது நின்றுவிடுகிறது. வேதம் தசமபாகத்தைப் பற்றிப் பேசும் இடங்களை வரிசையாக வாசித்தால், எவ்வளவு என்பதற்கு ஒரு சொல், அதை யார் சாப்பிட்டார்கள் என்பதற்குப் பத்து வசனம் என்ற விகிதத்தில் இருக்கிறது.

லேவியராகமம் 27-இல் நிலத்தின் தானியமும் மரத்தின் கனியும் ஆடுமாடும் கணக்கில் வருகின்றன. தானியத்தைக் கொடுக்காமல் பணமாக மீட்டுக்கொள்ள விரும்பினால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். மந்தையில் கோலின்கீழ் கடந்துபோகும் பத்தாவது உருப்படி கர்த்தருக்கு. அது கொழுத்ததா இளைத்ததா என்று பார்க்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. எண்ணாகமம் 18 அந்தப் பத்தில் ஒன்று லேவியருக்குப் போகிறது என்கிறது. அவர்களுக்கு நிலப் பங்கு இல்லை, கூடாரத்து வேலையே அவர்கள் வேலை, ஆகவே இது அவர்களுடைய சம்பளம். அவர்களும் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். உபாகமம் 14 முற்றிலும் வேறொன்றைச் சொல்கிறது. வருஷா வருஷம் பத்தில் ஒன்றைப் பிரித்து, கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே நீயும் உன் வீட்டாரும் சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள். வழி தூரமானால் விற்றுப் பணமாக முடிந்துகொண்டு போய், அங்கே உன் மனம் விரும்புவதை வாங்கிச் சாப்பிடு.

லேவியருக்குப் போவதையும் குடும்பத்தோடு சாப்பிடுவதையும் யூத வேத ஆசிரியர்களான ரபிகள் தனித்தனித் தசமபாகங்களாகவே கணக்கிட்டார்கள். நூறு மரக்கால் கோதுமை விளைந்தால், முதலில் ஆசாரியர் பங்காக ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று, அதாவது 2 மரக்கால். மீதி 98-இல் லேவியருக்கு 9.8. மீதி 88.2-இல் இரண்டாம் தசமபாகம் 8.82. ஆக 20 மரக்காலுக்கு மேல் வெளியே போகும். ஏழாண்டுச் சுற்றில் 1, 2, 4, 5-ஆம் ஆண்டுகளில் அந்த இரண்டாம் பங்கு எருசலேமில் குடும்பத்தோடு சாப்பிட. 3, 6-ஆம் ஆண்டுகளில் அது ஏழைகளுக்கு. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு, ஆகவே தசமபாகமே இல்லை. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள தோபித்து நூலின் முதல் அதிகாரத்திலும் இந்தத் தனித்தனிப் பங்குகளைப் பார்க்கலாம். "வேதத்தின்படி பத்து சதவீதம்" என்று நாம் அடித்துச் சொல்லும் எண், வேதத்துக்குள் போனால் இப்படிக் கிளை பிரிந்துவிடுகிறது.

புதிய ஏற்பாட்டில் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளுக்குப் பத்தில் ஒன்று என்ற கட்டளையே இல்லை என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்போஸ்தலர் 15-இல் எருசலேம் சபை எழுதி அனுப்பிய கடிதத்தில் நாலு காரியங்கள் இருக்கின்றன, தசமபாகம் அவற்றில் ஒன்று அல்ல. பவுல் கொரிந்தியருக்குச் சொல்வது "தன்தன் வரவுக்குத் தக்கதாக" என்பது மட்டுமே. ஆனால் இந்த வாதத்தைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் பத்துக்கு மேலே போவதற்காக எடுப்பதில்லை. வரி வசூலித்துவந்த சகேயு தன் ஆஸ்தியில் பாதி என்று ஆரம்பித்தான். பத்தைச் சட்டமாக அல்ல, தொடங்க ஒரு படியாக வைத்துக்கொள்வதே சரி என்பது என் கட்சி.

வாசலுக்குள் இருப்பவர்கள்

உபாகமம் 14-இன் முன்பாதி நமக்கு அந்நியமானதல்ல. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கும் நாளில் அதைக் கண்ணால் பார்க்கலாம். அரிசியும் ஆடும் காணிக்கையாக வருகின்றன. பெரிய அடுப்பு மூட்டி ஊரே சமைத்து, சபையார் சபையாரல்லாதார் என்று பாராமல் இலை போடுகிறார்கள். காணிக்கையைக் கொடுத்தவரும் கொடுக்க வழியில்லாதவரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். வேதத்தைத் தன் வாழ்க்கையோடு பொருத்திக்கொள்ள ஒரு சமூகம் கண்ட வழிகளில் இது அருமையான ஒன்று. அதை வெறும் சாப்பாட்டுத் திருவிழா என்று கேலி செய்பவர்கள் உபாகமத்தைத் திறந்து பார்க்கலாம்.

பின்பாதிதான் தொலைந்துவிட்டது. மூன்றாம் ஆண்டின் முடிவில் அந்த ஆண்டுப் பலனின் பத்தில் ஒன்றை எருசலேமுக்குக் கொண்டுபோக வேண்டாம், உன் வாசல்களிலேயே வை என்கிறது 28-ஆம் வசனம். லேவியனும், வேறிடத்திலிருந்து வந்து குடியிருக்கும் பரதேசியும், திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். இது மத்தியில் திரட்டி மேலிருந்து பங்கிடும் நிதி அல்ல. கொடுப்பவன் தன் ஊர் விதவையின் முகத்தைப் பார்க்க வேண்டிய ஏற்பாடு. ஆண்டுக்குச் சராசரி போட்டால், அந்த இரண்டாம் தசமபாகத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் வீட்டுக் கணக்குகளில் இந்த மூன்றில் ஒன்று எங்கே? சபையின் காணிக்கைக் கவரில் பத்தும் போய்விடுகிறது, அல்லது ஒன்றுமே போவதில்லை.

கவரில் அச்சிடாத வசனம்

தசமபாகக் கவர்களில் மல்கியா 3:10 அச்சாகியிருக்கும். வானத்தின் பலகணிகளைத் திறந்து, இடங்கொள்ளாமற்போகுமட்டும் ஆசீர்வாதம். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களுக்கும், பரதேசிக்கு அநியாயம் செய்பவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாக வருவேன் என்கிறார் கர்த்தர். உபாகமத்தில் மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தைச் சாப்பிட வந்த அதே ஆட்கள் இங்கே வழக்குத் தொடுத்தவர்களாக நிற்கிறார்கள். கூடவே கூலியாளும் சேர்ந்துகொண்டான். "எதிலே உம்மை வஞ்சித்தோம்" என்ற கேள்வியும், "தசமபாகத்திலும் காணிக்கைகளிலும்" என்ற பதிலும் இந்தக் குற்றப்பத்திரிகைக்குப் பிறகே வருகின்றன. ஐந்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பத்தாம் வசனத்தை மட்டும் அச்சிடும்போது, மல்கியா சொன்னதில் பாதியைத்தான் கவரில் போடுகிறோம்.

நெகேமியா 13-ஐயும் பக்கத்தில் வைத்தால் காரணம் இன்னும் தெளிவு. லேவியருக்குக் கொடுக்க வேண்டியது கொடுபடாததால் அவர்கள் ஆலய வேலையை விட்டுவிட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். தசமபாகம் சேர்த்துவைக்கும் பண்டசாலை காலி என்றால் வேலை செய்தவனுக்குச் சம்பளம் போகவில்லை என்று அர்த்தம். தசமபாகத்தை மறுத்ததும் கூலியை மறுத்ததும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. பத்தில் ஒன்றைக் கணக்குப் பார்க்க உட்காருமுன், நாம் கொடுக்க வேண்டிய கூலி பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவர் நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? கடையில் நிற்கும் பையனுக்குப் பத்தாம் தேதி வரை இழுக்கிறோமா? உபாகமம் 24:15 அன்றைய கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுக்கச் சொல்கிறது. பிடித்த சம்பளமும் நம் கையில் வரவாகத்தான் தெரியும், அதிலும் பத்தில் ஒன்று எடுத்துக் கவரில் போட்டுவிட முடியும். சபைக்கும் இதே அளவுகோல்தான். மணியடித்து ஆலயத்தைப் பெருக்கும் ஊழியருக்கு என்ன சம்பளம் என்பதைக் கட்டட நிதிக்கு முன்னால் பேச வேண்டும்.

வரதட்சணையாக வந்த பணத்துக்குத் தசமபாகம் உண்டா என்று நினைப்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1961-இலிருந்து சட்டப்படியே குற்றமான ஒன்றில் பத்தில் ஒன்று ஆலயத்துக்கு எதற்கு? திருப்பிக் கொடுக்க வேண்டியது நூறும். சகேயு வஞ்சித்து வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பினான்.

சம்பளச் சீட்டில் எதைத் தொடுவது

சரி, கிராஸா நெட்டா? ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். கிராஸ் 50,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 25,000. அதில் 12 சதவீதம் பிஎஃப், 3,000. கைக்கு 47,000. தொழில்வரி சில்லறையை விட்டுவிடுவோம். கிராஸில் பத்து 5,000, நெட்டில் பத்து 4,700. இத்தனை ஆண்டு வாக்குவாதமும் 300 ரூபாய்க்குத்தான். வருமான வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் உயர்ந்தால் வித்தியாசமும் உயரும், அப்போது கேள்விக்குக் கொஞ்சம் கனம் வரும்.

எதை எடுத்தாலும் மாறாமல் இருப்பதே முக்கியம். கிராஸில் கொடுத்து வந்தவர் ஓய்வுபெற்று பிஎஃப் எடுக்கும்போது, அவருடைய பங்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார். நிறுவனம் போட்ட பங்கும் வட்டியும் மட்டுமே புது வரவு. நெட்டில் கொடுத்து வந்தவருக்கு வந்த தொகை முழுவதும் வரவு. மாதாமாதம் நெட்டில் கொடுத்துவிட்டு, பிஎஃப் வரும்போது "அது என் சேமிப்புதானே" என்று நகர்வதுதான் வழக்கமான ஓட்டை. சிடிசியை, அதாவது நிறுவனம் ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவை, பார்த்துக் கணக்குப் போட்டுத் திணறுபவர்களும் உண்டு. அதில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கும். கைக்கு வராத பணத்துக்கு இன்று கொடுக்க வேண்டியதில்லை.

கடை வைத்திருப்பவர் விற்பனையில் பத்து எடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். மளிகையில் ஒரு லட்சம் விற்று 10,000 மிஞ்சினால், விற்பனையின் பத்து சதவீதம் அந்த லாபம் முழுவதும். வாடகை, மின்கட்டணம், ஆள் கூலி போக நிற்பதில்தான் பத்து. ஆட்டோ ஓட்டுபவருக்கும் உணவு டெலிவரி செய்பவருக்கும் பெட்ரோல், பழுதுபார்ப்பு, வண்டித் தவணை போக. நெல் போடுபவருக்கு உழவு, உரம், அறுவடை இயந்திர வாடகை போக என்றே நான் சொல்வேன். அன்றைய விவசாயி விதையைப் போன ஆண்டு விளைச்சலிலிருந்தே எடுத்தான், உரக்கடைக்குக் கடன் சொல்லவில்லை. நாளுக்கு நாள் மாறும் வருமானத்துக்கு மாதக் கணக்கு ஒத்துவராது. பவுல் 1 கொரிந்தியர் 16-இல் சொன்ன வாரக் கணக்குதான் கைகொடுக்கும்: வாரத்தின் முதல் நாளில், வந்ததைப் பார்த்து, எடுத்து வை.

கடன் வரவு அல்ல. நகைக்கடனோ வீட்டுக்கடனோ கைக்கு வந்த நாளில் அதில் பத்து எடுப்பவர்கள் அடுத்தவர் பணத்தில் காணிக்கை போடுகிறார்கள். சீட்டு எடுத்தாலும் அப்படியே: நீங்கள் கட்டியதுதான் திரும்புகிறது, கழிவாகக் கிடைத்த லாபம் மட்டும் வரவு. நிலம் விற்றால் விற்ற விலை அல்ல, வாங்கிய விலையும் செலவும் போக மிஞ்சியது.

கொர்பான்

மாற்கு 7-இல் இயேசு எரிச்சலோடு பேசும் ஒரு வழக்கம் உண்டு. தகப்பனுக்கோ தாய்க்கோ உதவ வேண்டிய பொருளைக் "கொர்பான்", தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், பெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய கடமை விட்டது. ஊரில் அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் பணம் அனுப்பாமல் ஊழியத்துக்கு மாதச் சந்தா கட்டுபவர் இந்தப் பகுதியை ஒருமுறை மெதுவாக வாசிக்க வேண்டும். எதிர்ப்பக்கத் தந்திரமும் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு அனுப்பும் 3,000-ஐத் தசமபாகக் கணக்கில் எழுதிக்கொள்வது. பெற்றோரைப் பார்த்துக்கொள்வது 1 தீமோத்தேயு 5-இன்படி நேரடிக் கடமை, சபையின்மேல் அந்தப் பாரத்தை வைக்கக் கூடாது என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. ஆகவே அது வீட்டுச் செலவுப் பட்டியலில், வாடகைக்கும் அரிசிக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இரண்டுக்கும் போதவில்லையென்றால்? பல வீடுகளின் நிலை அதுதான். குழுக்கடனுக்கு வாரத் தவணை, தனிநபர் கடன், கிரெடிட் கார்டு. "இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே" அங்கிகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று சொல்லவில்லை என்று அடுத்த வசனமும் சேர்த்துக்கொள்கிறது. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் மறுபடி கார்டைத் தேய்ப்பவர் கடன் வாங்கித்தான் கொடுக்கிறார். அப்படிப்பட்டவர் இரண்டோ மூன்றோ சதவீதத்தில் தொடங்கட்டும். ஒவ்வொரு கடன் முடியும்போதும் அந்தத் தவணையில் ஒரு பகுதியைக் கவருக்குத் திருப்பட்டும். நகையை அடகு வைத்து "விதை"க் காணிக்கை போடச் சொல்லும் தொலைக்காட்சிப் பிரசங்கத்துக்கு இந்த வசனங்களில் இடமே இல்லை.

மூன்றாகப் பிரிப்பது

லேவியர், குடும்பப் பந்தி, ஏழை என்று வேதம் சொன்ன மூன்று வாய்களையும் மனதில் வைத்து மாதம் 5,000-ஐ இப்படிப் பிரிக்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒன்று, 1,650, ஏழைக்கு. ஒரு 450 பந்திக்கு, அதாவது திருப்பிக் கூப்பிட முடியாதவரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட. மீதி 2,900 சொந்த சபைக்கும் ஊழியத்துக்கும். விகிதம் என்னுடையது, வேதத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒன்று என்ற அளவை எங்கிருந்து எடுத்தேன் என்பதை மேலே பார்த்தீர்கள்.

இதற்கெனத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். சம்பளம் விழும் மறுநாள் தானாகப் பணம் நகரும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கை அன்றாடம் டீக்கடையில் ஸ்கேன் செய்யும் ஆப்பில் இணைக்கவே கூடாது. இணைத்தால் மாதம் 20-ஆம் தேதிக்குமேல் கடனாக எடுக்கிறோம் என்று எடுப்போம், கடன் திரும்பாது. இன்னொரு விழுங்கி மொய். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எழுதும் மொய் திரும்பி வரும் பணம், அதை ஏழைப் பங்கில் எழுதுவது வெட்கக்கேடு. ஆலய வாசலில் ஒட்டிய க்யூஆரில் பணம் போடும்போது திரையில் வரும் பெயர் சபையின் பெயர்தானா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். ஒரு தனிநபரின் பெயர் வந்தால் நிறுத்திவிட்டுப் பொருளாளரைக் கேளுங்கள்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு நன்கொடைக்கான வரிக்கழிவே இல்லை. பழைய முறையிலும் ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்காக மட்டும் இயங்கும் அறக்கட்டளைக்குக் கொடுத்தது சேராது. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்ததும் சேராது. சேரும் நன்கொடைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு மொத்த வருமானத்தில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு என்பது ஒரு வேடிக்கை.

வாங்கும் பக்கத்துக்கும் வேதம் ஒழுங்கு வைத்திருக்கிறது. நெகேமியா பண்டசாலைக்கு ஒருவரை அல்ல, நாலு பேரை வைத்தார்: ஆசாரியன் செலேமியா, வேதபாரகன் சாதோக், லேவியன் பெதாயா, கைத்துணையாக ஆனான். உண்மையுள்ளவர்களென்று எண்ணப்பட்டவர்கள் என்றே தகுதி சொல்லப்படுகிறது. பவுலும் எருசலேமுக்கான பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குறைசொல்லாதபடிக்குக் கூட ஆட்களை அனுப்பினார். இன்றைய பாஷையில் சொன்னால், காணிக்கைப் பையை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும், மறுநாளே வங்கியில் கட்ட வேண்டும், ஆண்டுக்கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கை வாசிக்க வேண்டும். கணக்கு கேட்பதை அவிசுவாசம் என்று சொல்லும் இடத்துக்கு 2,900 போக வேண்டிய அவசியம் இல்லை.

ஏழைப் பங்கைச் செலவழிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் அதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தெருக்கோடியில் இருப்பவர், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர். உபாகமம் பரதேசி என்று பெயர் சொல்லிக் குறிப்பது இவர்களைத்தான், அவர்கள் நம் சபையாராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. கையில் ரொக்கம் கொடுப்பதைவிட, பள்ளிக்கட்டணத்தை அலுவலகத்தில் நேரே கட்டி ரசீதைக் கொடுப்பதும், மருந்துக் கடையில் மாதாந்திரக் கணக்கு வைத்துவிடுவதும் மரியாதையானவை. கொடுக்கும்போது படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது மத்தேயு 6-இல் தாரை ஊதியவர்களின் வேலை.

பங்கு மிச்சமாகித் தங்கிவிடும் என்பது இதில் அடிக்கடி நடக்கும் பிசகு. ஆள் தேடிக்கொண்டே ஆண்டு போய்விடும், கணக்கில் 19,800 அப்படியே இருக்கும். அதற்கும் உபாகமம் 26-இல் ஒரு கெடு இருக்கிறது. மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தைக் கொடுத்து முடித்தவன் கர்த்தர் முன்பாக நின்று, பரிசுத்தமானதை என் வீட்டிலிருந்து எடுத்துவந்து லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் கொடுத்தேன், துக்கத்திலிருக்கும்போதுகூட அதில் தின்னவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரபிகள் அதற்கு நான்காம், ஏழாம் ஆண்டுகளின் பஸ்காப் பண்டிகையை நாளாகக் குறித்தார்கள். பஸ்கா மார்ச், ஏப்ரலில் வருகிறது. நமக்கும் கணக்கு முடியும் மாதம் அதுதான். அப்போது கணக்கில் என்ன கிடக்கிறது என்று பார்த்து, ஜூனில் பள்ளி திறக்குமுன் அதைப் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டும். புதிய ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அந்த வசனங்களில் வழி இல்லை.